இலக்குப் பலகைக்குக் கீழே இருந்த பள்ளம்

எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் என் நிலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தற்பெருமைக்காக அல்ல. எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தவனுக்கு இது நேர்ந்தது என்பது தெரியாவிட்டால், நான் எழுதப்போவது ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சச்சரவாகத் தோன்றிவிடும். சென்னையில் கல்லூரிப் படிப்பும் சட்டமும் முடித்துவிட்டு, சிவில் வழக்குகளில் பெயர் எடுத்தவன் நான். நான் வாதாட எழுந்தால் நீதிபதி பேனாவைத் திறப்பார் என்று சக வழக்கறிஞர்களே சொல்வதுண்டு. அதோடு ஊரின் துப்பாக்கி சுடும் கழகத்துக்குக் கௌரவச் செயலாளர். படுத்துச் சுடும் பிரிவில் மாவட்டக் கோப்பை தொடர்ந்து என் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது. ஊரில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. என் முதுகுக்குப் பின்னாலும் சிரித்ததில்லை என்றே நம்புகிறேன்.

கழகம் சீன யுத்தத்துக்குப் பிந்தைய ஆர்வத்தில் பிறந்தது. குடிமக்களும் குறி பார்த்துச் சுடப் பழக வேண்டும் என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. வழக்கறிஞர்கள், ஒரு டாக்டர், ஒரு சினிமாக் கொட்டகை முதலாளி, சுற்று வட்டாரத்து நிலக்காரர்கள் எனப் பெரிய மனிதர்களே உறுப்பினர்கள். கொளவாய் ஏரிக்கு அப்பால் ஒரு பாறைக் குன்றின் அடியில் சிறிய திடல் வைத்திருந்தோம். அங்கே சிறு ரகத் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் சுட இயலாது. மாநிலப் போட்டிகளிலோ பெரிய ரகத் துப்பாக்கியில், நூறு கெஜத்துக்கு மேல் சுட வேண்டியிருந்தது. அதற்கேற்ற, குண்டைத் தாங்கும் மண்ணணை கொண்ட திடல் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடலைப் பின்னால் வைத்து எழுப்பிய மணல்மேடு. அது இராணுவத்தினுடையது.

வங்காளதேசப் போர் முடிந்து பட்டாளத்துக்காரர்களை ஊர் மாலை போட்டு வரவேற்றுக்கொண்டிருந்த காலம். அங்கே முகாமிட்டிருந்த பிரிவின் மேஜரைச் சந்தித்து அனுமதி கேட்டவன் நான். வடநாட்டவர், மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். என் ஆங்கிலத்தைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, காலை வேளையில் மட்டும், எங்கள் தோட்டா, எங்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். திடலின் பழக்கத்தை மீறக் கூடாது. கழகத்தின் சார்பில் என் சொல்லை அவருக்குக் கொடுத்தேன். அந்தத் திடல் இல்லாவிட்டால் எங்கள் கழகம் பாறையடியில் தகர டப்பா சுடும் கூட்டமாகவே இருந்திருக்கும். ஆகவே அந்தச் சொல்லின் மீதுதான் கழகமே நின்றது.

அந்தப் பழக்கம் இன்னது என்பதை என்னை வழியனுப்ப வந்த சுபேதார் விளக்கினார். வட ஆர்க்காட்டுக்காரர், மீசை நரைத்தவர்.

"வக்கீல் சார், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. மேல சுடறவன் கீழ எறங்கணும். கீழ குந்துனவன் மேல வந்து சுடணும். கர்னல் வந்தாலும் இதான்."

"தெரியும். மேஜரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்."

"அப்ப சரி. நல்ல பேண்ட்டா போட்டுகினு வரவேணாம்னு மட்டும் சொல்லிடுங்க."

இலக்குப் பலகைகள் நின்ற இடத்துக்குக் கீழே, ஆள் மட்டத்துக்கு ஒரு நீளப் பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. பாதிப் பேர் மேலே சுடும்போது மீதிப் பாதி அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேலே குண்டு பறக்கும். பட்டால், நுனியில் வட்டத் தகடு பொருத்திய கோலை உயர்த்திப் பட்ட இடத்தைக் காட்ட வேண்டும். தவறினால் கொடியைக் குறுக்கே அசைக்க வேண்டும். சுற்று முடிந்ததும் பலகையை இறக்கி, ஓட்டைகளில் மைதா பசை தடவிக் காகிதம் ஒட்ட வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை தான்தான் பள்ளத்தில் இருக்கப்போகிறோம் என்று தெரிந்தவன் மேலே நிதானமாகச் சுடுவான். பழக்கத்தின் காரணம் அவ்வளவுதான். நல்ல காரணம் என்று எனக்கு அன்றே பட்டது.

முதல் சில மாதங்கள் எங்கள் உறுப்பினர்கள் இறங்கத்தான் செய்தார்கள். விரும்பி அல்ல. உப்புக் காற்றில் ஈரமான மணல் கழுத்துக்குள் சரியும். குந்திக் குந்திக் கால் மரத்துப்போகும். பசை கையோடு காய்ந்துவிடும். கொட்டகை முதலாளி கனத்த சரீரம். முதல் நாள் விளிம்பில் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"சார், நான் எறங்கிடுவேன். திருப்பித் தூக்கறது யாரு?" என்றார்.

அருகிலிருந்த தமிழ்ச் சிப்பாய் ஒருவன் விடவில்லை. "இங்க பால்கனி கெடையாது மொதலாளி. எல்லாம் தரை டிக்கெட்டுதான். குந்துங்க."

சிப்பாய்கள் சிரித்தார்கள். முதலாளியும் அன்று சிரித்தார். ஆனால் காரில் திரும்பும்போது, "தரை டிக்கெட்டாம்" என்று இரண்டு முறை தனக்குள் சொல்லிக்கொண்டார்.

உரசல் அப்படித்தான் தொடங்கியது. 'சிவிலியன்' என்ற சொல்லை அவர்கள் உச்சரித்த விதத்திலேயே ஓர் ஏளனம் இருந்தது. எங்கள் பக்கமும் குறைந்ததல்ல. நட்புப் போட்டி ஒன்றில் அவர்களுடைய சிறந்த ஹவில்தாரை நான் மிஞ்சினேன். மேஜர் கைகுலுக்கினார். ஹவில்தாரோ, "காத்து அடிக்காதப்ப யார் வேணா சுடலாம் சார். எதிராளி திருப்பிச் சுடறப்ப வாங்க, பாத்துக்கலாம்" என்றார். எங்கள் டாக்டர் உடனே, "எதிராளிகிட்ட போறதுக்கு முன்னால காத்து எந்தப் பக்கம்னு கேட்டுட்டா போவீங்க?" என்று திருப்பிக் கொடுத்தார். இரு தரப்பிலும் முகங்கள் இறுகின. அதற்குப் பிறகு பள்ளத்தில் இருந்த நேரமெல்லாம், தங்களைத் தண்டிக்கவே பட்டாளம் இந்தப் பழக்கத்தை வைத்திருக்கிறது என்று எங்களவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

அந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கண்டவர் வேடந்தாங்கல் பக்கத்து நிலக்காரர் ஒருவர். கழகத்துக்கு நிறையச் செய்தவர். கொட்டகை முதலாளியின் அறையில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் அவர் மிக எளிதாகச் சொன்னார்:

"அவன் கேக்கறது இன்னா? பள்ளத்துல ஆள் இருக்கணும். அவ்ளோதானே? ஆள் அனுப்பிட்டாப் போச்சு. இதுக்கா இத்தன நாளா சேத்துல குந்திகினு இருந்தோம்?"

எங்கள் வட்டாரத்தில் இல்லாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஏரி மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று தண்டோரா போட்டால், நிலக்காரர் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போகமாட்டார். பண்ணையாளை அனுப்புவார். அந்த ஆள் வெட்டிப் போட்ட மண், நிலக்காரரே வெட்டிப் போட்டதாகக் கருதப்படும். தலைமுறை தலைமுறையாக அப்படி. ஆள் அனுப்புவது கடமையைத் தட்டிக்கழிப்பது என்று யாரும் நினைத்ததில்லை. அதுதான் கடமையைச் செய்யும் முறை. ஆகவே அந்த யோசனையில் ஏமாற்று எதையும் எங்களில் ஒருவரும் காணவில்லை. சட்டம் படித்த நானும் காணவில்லை. பழக்கத்தை மீறக் கூடாது என்று சொல் கொடுத்திருந்தேன். எங்கள் பழக்கப்படி அதை மீறவுமில்லை.

அடுத்த இரண்டாவது ஞாயிறு நிலக்காரரின் டிராக்டர் எங்கள் கார்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நாங்கள் போனபோது நான்கு பண்ணையாட்கள் ஏற்கெனவே பள்ளத்தில் இருந்தார்கள். சுபேதாருக்கு அன்று முகாமில் வேலை. காவலுக்கு இருந்த சிப்பாய் பள்ளத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று மட்டும் எட்டிப் பார்த்தான். நாங்கள் எல்லோருமே மேலே படுத்து, வெளுத்த கால்சட்டைகளில் மணல்கூடச் சரியாக ஒட்டாமல், உற்சாகமாகச் சுட்டோம். கோல் சற்றுத் தடுமாறினாலும் உயர்ந்தது. அன்று நான் சுட்டது மிக நன்றாக இருந்தது.

முதல் சுற்று முடியும்போது ஜீப் வந்தது. மேஜரும் சுபேதாரும் இறங்கினார்கள். சுபேதார் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தார். கடற்காற்று எங்கள் பக்கம் வீசியதால் பேச்சு எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"யாருப்பா நீங்கல்லாம்? மெம்பருங்களா?"

"நாங்க ஆளுங்க சாமி. ஆண்டே வரச்சொன்னாரு."

"காலைலேர்ந்து இங்கியேவா குந்தினு கீறீங்க?"

"ஆமா சாமி. காயிதம் ஒட்டிகினு கீறோம்."

"நாஸ்தா துன்னீங்களா?"

"இனிமேதான் சாமி" என்றது ஒரு குரல். சுபேதார் எங்கள் பக்கம் திரும்பினார். நிலக்காரரைப் பார்த்து, "ஏன் சார், வேடந்தாங்கல்ல கொக்கு சுடக் கூடாதுன்னு இங்க வந்து காயிதத்த சுடறீங்க, சரி. அந்தக் காயிதத்த ஒட்டறதுக்குமா ஆளு?" என்றார்.

நிலக்காரர் முகம் சிவந்தது. "பள்ளத்துல ஆள் வேணும்னீங்க, ஆள் வெச்சிட்டோம். அதுக்கு மேல இன்னா பேச்சு?" என்றார்.

சுபேதார் மேஜரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். மேஜர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வழக்கறிஞனுக்குக் கோபத்துக்குப் பதில் சொல்லத் தெரியும். அவரோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தினமும் சொல்லும் ஆணையைச் சொல்வது போல ஆங்கிலத்தில் சொன்னார்: முதல் சுற்று முடிந்தது, இடம் மாறலாம், கீழே இருந்தவர்கள் மேலே வந்து சுடட்டும், மேலே இருந்தவர்கள் கீழே போகட்டும்.

முதலில் எங்களில் சிலருக்குப் புரியவில்லை. சுபேதார் தமிழில் சொன்னதும் புரிந்தது. பண்ணையாட்கள் சுட வேண்டும். அவர்களுடைய சூட்டுக்குக் கீழே நாங்கள் உட்கார்ந்து கோல் பிடிக்க வேண்டும்.

ஒருவரும் அசையவில்லை. செயலாளன் என்ற முறையில் நான் பேச வேண்டியிருந்தது. நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இவர்களுக்கு ஆயுத உரிமம் இல்லை, கழக உறுப்பினர்களும் அல்லர், ஆகவே இது ஆயுதச் சட்டத்துக்கு முரணானது என்று கோர்ட்டில் பேசுவது போலவே பேசினேன். மேஜர் முழுவதையும் கேட்டார். "இது என் திடல். என் துப்பாக்கி. என் ஹவில்தார் பக்கத்தில் இருப்பார். உங்கள் ஆட்சேபம் பதிவாயிற்று, செயலாளரே" என்றார். பிறகு காத்திருந்தார். எங்களுக்குப் போதிய நேரம் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும். கொட்டகை முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கடலைப் பார்த்தார். நிலக்காரர், "என் பண்ணைல வேல செய்யறவன் சுடுவான், நான் கீழ குந்தணுமா? ஊர்ல தல காட்ட முடியுமா?" என்று முணுமுணுத்தார்.

அப்போது மேஜர் தொப்பியைக் கழற்றிச் சுபேதாரிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார். நேராக நடந்து போய்ப் பள்ளத்தில் இறங்கினார்.

அவர் தலை மணலுக்குக் கீழே மறைந்ததைப் பார்த்த நொடியில் என் உடம்பு முழுவதும் கூசியது. என் சொல்லை வாங்கிக்கொண்ட மனிதர் அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதற்காக எனக்குப் பதிலாக இறங்கியிருந்தார். நானும் போனேன். என்னை யாரும் அழைக்கவில்லை. என்னோடு யாரும் வரவில்லை. பாதி வழியில் பண்ணையாட்கள் எதிரே வந்தார்கள். அவர்கள் ஒதுங்கி எனக்கு வழி விட்டார்கள், எப்போதும் போல.

பள்ளத்தில் மேஜர் பசைச் சட்டியைத் தன் காலருகே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். கோலை என்னிடம் நீட்டினார். "நீங்கள் கோல், நான் கொடி" என்றார். கண்டிப்போ கேலியோ அந்தக் குரலில் இல்லை. இருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலே பேசிக்கொண்டது எங்களுக்குக் கேட்கவில்லை, பிறகு சுபேதார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சுபேதார் ஆட்களில் மூத்தவரைக் கூப்பிட்டார். அன்று நான் அவரை 'அவன்' என்றுதான் சொல்லியிருப்பேன். இன்று எழுத்தில் எனக்கு அது வரவில்லை.

"வா பெரியவரே, படு. பயப்படாத."

"வேணா சாமி. எங்களுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம். ஆண்டே பாத்துகினு கீறாரு."

"அவரு பாக்கட்டும். நீ அந்தப் பலகையப் பாரு."

"நீங்க நாளைக்கு மூட்டை கட்டிகினு போயிடுவீங்க. நாங்க அங்கதான சாமி இருக்கணும்."

அந்த மனிதர் சொன்னது சுபேதாருக்கும் உறைத்திருக்க வேண்டும். பட்டாளத்தின் பழக்கம் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், அன்று அதன் கனம் முழுவதும் அங்கே மிகவும் வலுவில்லாதவர் தோளில் போய் இறங்கியது. பிறகு, "ஒரே ரவுண்டு. நானும் கூட படுத்துக்கறேன்" என்றார்.

முதல் குண்டு எங்கள் தலைக்கு மேல் எங்கோ போயிற்று. மேஜர் கொடியை அசைத்தார். அடுத்ததும் தவறியது. கொடி அசைந்த ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அது என்ன நிம்மதி என்று அந்தப் பள்ளத்தில் குந்தியிருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெரியவர் சுட்டது பட்டுவிட்டால் அதைக் காட்ட நான் கோலைத் தூக்க வேண்டும். மேலே நிற்பவர்கள் எல்லோரும் பார்க்க, ஒரு பண்ணையாளின் வெற்றியை நான் அறிவிக்க வேண்டும். அது நேரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பலவகை அவமானங்களைப் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். எவரும் பார்க்காத அந்த வேண்டுதலைப் போல ஒன்றும் என்னைச் சுட்டதில்லை.

கடைசிக் குண்டு பலகையின் ஓரத்தில் பட்டது. தற்செயல்தான், மையத்துக்கு வெகு தூரம். ஆனாலும் பட்டது.

நான் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேஜர் சற்றுப் பொறுத்துவிட்டு, "கோல், செயலாளரே" என்றார்.

உயர்த்தினேன். மேலே சிப்பாய்கள் கைதட்டினார்கள். "பெரியவரு போட்டுட்டாருடா!" என்று ஒருவன் கத்தினான். மற்ற மூன்று பண்ணையாட்களும் சுட மறுத்துவிட்டார்கள். மேஜர் ஓட்டையில் தானே பசை தடவிக் காகிதத்தை ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினார். ஏறி வரும்போது எனக்குக் கை கொடுத்தார். என் உள்ளங்கையில் அவருடைய பசை ஒட்டிக்கொண்டது.

நாங்கள் மேலே வந்தபோது டிராக்டர் போய்விட்டிருந்தது. நிலக்காரர் தாமே ஓட்டிக்கொண்டு போயிருந்தார், ஆட்களை ஏற்றிக்கொள்ளவில்லை. கடற்கரையிலிருந்து அவர்கள் ஊருக்கு ஒரு பகல் நடை. டாக்டரின் காரில் எனக்காக இடம் வைத்திருந்தார்கள். ஏறிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டாக்டர், "நீங்களும் எறங்கியிருக்க வேணாம்" என்றார். ஒரு நோயாளியிடம் சொல்லும் கனிவோடு சொன்னார்.

செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் இராணுவ லாரி ஒன்று எங்களை முந்திச் சென்றது. பின்பக்கம் அந்த நால்வரும் சிப்பாய்களோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கொடுத்த ரொட்டி அவர்கள் கையில் இருந்தது. எங்கள் காரை அடையாளம் கண்டதும் நால்வரும் ஒரே சமயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெறுப்பினால் என்று டாக்டர் சொன்னார். அப்படி அல்ல. எங்களைப் பார்த்துவிட்டால் எங்களுக்குச் சங்கடமாயிருக்கும் என்று திருப்பிக்கொண்டார்கள்.

மூத்தவரை நிலக்காரர் அந்தப் போகத்தோடு பண்ணையை விட்டு நீக்கினார். மூத்தவரின் மகன் ஊரப்பாக்கத்துப் பக்கம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டதாகவும், குடும்பம் பின்னாலேயே போனதாகவும் கேள்விப்பட்டேன். நான் விசாரிக்கவில்லை, கேள்விதான் பட்டேன்.

கமிட்டி கூடியது. மேஜரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, இனி உறுப்பினர்களே இறங்குவது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். வழிமொழிய ஆள் இல்லை. துப்பாக்கி சுடுவது ஒருவரால் தனியாக ஆகும் காரியம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்தத் திடலில் அது ஆகாது. மேலே ஒருவர் வேண்டும். அவருக்காகக் கீழே ஒருவர் வேண்டும். என்னோடு இறங்க இன்னொருவர் செங்கல்பட்டில் எனக்குக் கிடைக்கவில்லை. நான் கெஞ்சிக் கேட்டேனா என்றால், இல்லை. கெஞ்சும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. அடுத்த மாநிலப் போட்டிக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து பெரிய ரகப் பிரிவில் பெயர் போகவில்லை. கோப்பைகளைக் கூடத்திலிருந்து எடுத்து உள் அலமாரியில் வைத்தேன். காரணம் கேட்ட மனைவியிடம் தூசு படிகிறது என்று சொன்னேன்.

இப்போது அந்தக் கழகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். போட்டியில் சிவிலியனிடம் தோற்ற பொறாமையில் பட்டாளம் எங்களை வெளியேற்றியது என்று பழைய உறுப்பினர் ஒருவரின் மகன் ஒரு விழா மேடையில் பேசினார். எங்கள் குண்டு ஒன்று தவறிப் போய்க் கட்டுமரத்தில் பட்டதால் மீனவர்கள் புகார் செய்தார்கள், அதனால் திடல் மூடப்பட்டது என்பவர்களும் உண்டு. மேஜர் தென்னாட்டவரை மதிக்காதவர் என்றுகூட ஒருவர் என்னிடமே சொன்னார்.

இவை எதுவும் உண்மையல்ல. எந்தக் குண்டும் கட்டுமரத்தில் படவில்லை. மீனவர்கள் எவரும் புகார் செய்யவில்லை. பொறாமைப்பட்டு எங்களை யாரும் வெளியேற்றவில்லை. மேஜர் எங்களுக்குத் தந்த அனுமதியை, அந்தப் பிரிவு வேறிடம் மாற்றப்படும் வரை, ரத்து செய்யவே இல்லை. நாங்கள்தான் போகவில்லை.